இட்லித் தட்டின் ஓட்டைகளை அடைத்தவருக்கு

இன்று காலை வயர்மேன் வந்திருந்தார். தன் அறையில் ஏர்கோன் போட வேண்டும் என்று மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு சமையலறையில் ஏணியைப் போட்டு, கூரைப் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தார். கையை நீட்டி எதையோ இழுத்துப் பார்த்தார். பிறகு மேலிருந்தபடியே கேட்டார்: "ஆண்ட்டி, இங்க என்ன ஃபேக்டரி நடத்துனீங்களா? கட்டைவிரல் தண்டிக்கு வயர் ஓடுது லா. யாரு இழுத்தது இதை?"

யார் இழுத்தது! வேறு யார் இழுப்பார்கள்? நீங்கள் போய் நாலு வருடம் ஆகிறது. கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறேன், பூசைக்குப் பெயர் கொடுக்கிறேன், எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனாலும் நீங்கள் செய்துவிட்டுப் போன காரியங்களுக்கு இந்த வீட்டில் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "என் வீட்டுக்காரர் இழுத்தது. இட்லித் தட்டு ஒட்டுறதுக்கு," என்றேன். அவர் ஏணியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஈய விலை விழுந்த வருடம் அது. ஈப்போவைச் சுற்றி ஒவ்வொரு சுரங்கமாக மூடிக்கொண்டு வந்தார்கள். உங்கள் சுரங்கமும் ஒரு வெள்ளிக்கிழமை நின்றுபோனது. பதினெட்டு வருடம் அந்தப் பட்டறையில் இரும்பை இரும்போடு ஒட்டியவர் நீங்கள். உடைந்த பம்பு, விரிசல் விட்ட குழாய், லாரியின் அடிச்சட்டம் என்று எதைக் கொண்டுவந்தாலும் ஒட்டிக் கொடுத்தீர்கள். கடைசி நாளில் மற்றவர்கள் எல்லாம் மண்வெட்டி, சங்கிலி, பழைய மோட்டார் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். நீங்கள் மட்டும் ஒரு பீரோ அளவு இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறங்கினீர்கள். சுரங்க முதலாளி தவுக்கே என்றைக்கோ வாங்கிப் போட்டு, ஒருத்தரும் தொடாமல் மூலையில் கிடந்த இயந்திரம். நாலு பேர் தூக்க முடியாமல் தூக்கி, என் தையல் மெஷின் இருந்த ஜன்னல் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். என் தையல் மெஷின் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் போனது.

"என்னங்க இது?"

"டிக் வெல்டிங் மெஷின். மெல்லிசு அலுமினியத்தைக்கூட ஒட்டலாம். லுமுட் பக்கம் படகு கட்டுற பட்டறையில ஆள் எடுக்குறான். அலுமினியம் ஒட்டத் தெரிஞ்சா போதும், வேலை நிச்சயம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பதினெட்டு வருசம் இரும்பு ஒட்டியிருக்கேன். அலுமினியம் இரும்போட தம்பி மாதிரிதான் லா. ரெண்டு வாரம் பழகினா வந்துடும்."

தம்பியாம். அந்தத் தம்பி உங்களைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் நாள் விசையைப் போட்டதும் வீட்டு ஃபியூஸ் போனது. இரண்டாம் நாளும் போனது. மூன்றாம் நாள் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்த உங்கள் சிநேகிதரைக் கூட்டிவந்து, மீட்டரிலிருந்து சமையலறை வரைக்கும் அந்தக் கட்டைவிரல் வயரை இழுத்தீர்கள். அதற்குப் பிறகு நம் வீட்டு ஃபியூஸ் போகவில்லை. வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் விளக்குதான் மங்கியது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வாரம் முழுக்கக் காத்திருந்து தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் பார்க்க உட்காருவார். அந்த நேரம் பார்த்து நீங்கள் நெருப்பை மூட்டுவீர்கள். வேலி ஓரம் வந்து நின்று கத்துவார்: "ஸ்டெல்லா! உன் வீட்டுக்காரரை நிறுத்தச் சொல்லு லா! கதாநாயகி மூஞ்சி முழுக்கக் கோடு கோடா ஓடுது!" நீங்கள் முகமூடியைத் தூக்கிவிட்டு, "இன்னும் ரெண்டே நிமிசம் அக்கா," என்பீர்கள். உங்கள் இரண்டு நிமிடத்தில் அவருடைய படத்தில் கல்யாணமே முடிந்திருக்கும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒட்டினதா என்றால், அதுவும் இல்லை. சிகரெட் பெட்டி அட்டையைவிடக் கொஞ்சம் தடிமனான தகடு. இரண்டு துண்டை விளிம்போடு விளிம்பு வைத்து, வெல்டிங் டார்ச்சை நீட்டுவீர்கள். நீல வெளிச்சம் சீறும். தகடு முதலில் சுருங்கும், அப்புறம் சாம்பல் பூத்துச் சுருக்கம் விழும், உருகவே உருகாது. நீங்கள் இன்னும் கரண்டைக் கூட்டுவீர்கள். திடீரென்று நடுவில் ஒரு ஐம்பது காசு அளவுக்குப் பொத்தென்று கீழே விழுந்துவிடும். ஓட்டையின் வழியாக உங்கள் செருப்பு தெரியும். "கரண்டு சரியில்ல," என்பீர்கள். அடுத்த நாள், "தகடு சரியில்ல." அதற்கடுத்த நாள் நான் அங்கே நிற்பது சரியில்லை.

இயந்திரத்தோடு ஒரு கையேடு வந்திருந்தது. நாற்பது பக்கம், ஆங்கிலம். அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வீர்கள். நடுநடுவே குனிந்து பார்ப்பீர்கள், தலையை ஆட்டுவீர்கள். இரண்டு வாரமாக அதே பக்கம்தான் விரிந்திருந்தது. ஏனென்றால் அந்தப் பக்கத்தில்தான் படம் இருந்தது.

உங்களுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்று எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும். நீங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை போனவள். விருந்தில் என் அண்ணன் எழுந்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார், நடுநடுவே வேடிக்கையாக ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்து அரை நொடி கழித்து நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. தமிழ்ப் பத்திரிகையை மரண அறிவிப்பு, ஏல அறிவிப்பு வரைக்கும் விடாமல் படிக்கிற மனுஷன். மலாய் பேசினால் கம்பத்து மலாய்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் உங்களுக்கு அது குறையாகப் பட்டது. மின்சார வாரியத்துக் கடிதம் வந்தால், "கண்ணாடி எடுத்துட்டு வரல, என்னன்னு பாரு," என்று என்னிடம் நீட்டுவீர்கள். அப்போது உங்களிடம் கண்ணாடியே கிடையாது. நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை, எந்தக் கண்ணாடி என்று.

ஒரு மத்தியானம் நீங்கள் வெளியே போயிருந்தபோது அந்தக் கையேட்டை எடுத்துப் படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் பக்கத்திலேயே விஷயம் கிடைத்துவிட்டது. அலுமினியத்தின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டாம். உள்ளே இருக்கும் உலோகம் உருகி ஓடிய பிறகும் அந்தத் தோல் உருகாதாம். கரண்ட் ஒரே பக்கமாக ஓடினால் தோல் அப்படியே கிடக்கும். மாறி மாறி ஓடினால், ஒரு மாற்றத்தில் தோல் உரியும், மறு மாற்றத்தில் உலோகம் உருகும். அதற்கு இயந்திரத்தின் முகப்பில் இடதுபக்கம் இருக்கும் திருகியை ஏசி என்ற இடத்துக்குத் திருப்ப வேண்டும். நீங்கள் இரும்புக்கு வைப்பதுபோல டிசியில் வைத்திருந்தீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வாரமாக நீங்கள் பட்ட பாடெல்லாம் ஒரு திருகு திருகினால் தீருகிற பாடு.

சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏங்க, அந்தப் புத்தகத்துல ஏசியில வைக்கணும்னு போட்டிருக்கு போல."

"எந்தப் புத்தகம்?"

"மெஷினோட வந்த புத்தகம்தான்."

"நான் படிக்காமலா இருக்கேன்?" என்றீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், வாயில் வைக்கவில்லை. "புத்தகம் எழுதினவன் சுரங்கத்துல வேலை செஞ்சானா? நீ போய்த் துணியைத் தை."

போய்த் தைத்தேன். அரிசி டின்னுக்குப் பக்கத்தில், வெளிச்சம் இல்லாத இடத்தில்.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த தகடு தீர்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் என் சமையலறையில் சாமான் குறைய ஆரம்பித்தது. முதலில் சோற்றுப் பானையின் மூடி. பிறகு என் அம்மா கொடுத்த தூக்குச் சட்டி. பிறகு கிறிஸ்மஸுக்கு நான் கேக் சுடுகிற தட்டு. ஒவ்வொன்றும் நடுவில் ஓட்டையோடு துணி காயப்போடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. மூடிக்குப் பதிலாக மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சோறு வடித்தேன். "மெல்லிசு அலுமினியத்துல பழகணும் புள்ள, வேற எங்க போறது?" என்று என்னிடமே நியாயம் கேட்டீர்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் காலையில் யார் வீட்டு இரும்புக் கேட்டையாவது ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தூங்குவீர்கள். ஒரு நாள் அந்த அரை மணியில் நான் போய்த் திருகியை ஏசிக்குத் திருப்பினேன். பக்கத்தில் இருந்த இன்னொரு சிறிய விசையையும் கையேட்டில் சொன்னபடி மாற்றினேன். முகப்பில் எண்கள் இருந்த சக்கரத்தை மட்டும்தான் நீங்கள் பார்ப்பீர்கள். எழுத்து இருந்த பக்கம் உங்கள் கண் போகவே போகாது. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் செய்தேன்.

மூன்று மணிக்கு எழுந்து தேநீர் குடித்துவிட்டு உட்கார்ந்தீர்கள். நெருப்பு வந்தது. அன்று சத்தமே வேறு மாதிரி இருந்தது, வண்டு ரீங்காரம்போல. வெளிச்சம் கண்ணில் படாமல் நீங்கள் கட்டியிருந்த கறுப்புத் துணித் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு, "ஸ்டெல்லா, இங்க வா!" என்று ஒரு சத்தம். போனேன். தகட்டின் நடுவில் அரை விரல் நீளத்துக்குக் கண்ணாடிபோல ஒரு கோடு. முழுக்க நன்றாக இல்லை, ஒரு முனையில் கரி படிந்திருந்தது. ஆனாலும் ஒட்டியிருந்தது.

"பாத்தியா?" என்றீர்கள். வேர்வை வழிகிற முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "கை பழகிடுச்சு. நான் சொல்லல? எல்லாம் கைதான்."

கையாம்!

பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க," என்றேன்.

அப்படி ஆரம்பித்தது என் களவு. கையேட்டில் இருந்த ஒவ்வொன்றையும் உங்களுக்குத் தெரியாமல் உங்களுக்குள் நுழைப்பதற்கு நான் ஒவ்வொரு பொய்யாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. காற்று அடித்தால் உலோகத்தைக் காக்கிற ஆர்கன் வாயு கலைந்துவிடும் என்று போட்டிருந்தது. நீங்கள் மேசைவிசிறியை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு வேலை செய்தீர்கள். "எனக்குத் தைக்கக் காத்து வேணும்," என்று விசிறியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றீர்கள். வாயுவை அதிகமாகத் திறந்தாலும் கெடுதலாம். "இந்த நூல் கட்டின அளவுக்கு மேல திறக்காதீங்க, கேஸ் சீக்கிரம் தீந்துடும்," என்று சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். சிக்கனம் என்றதும் தலையாட்டினீர்கள். துருப்பிடித்த இரும்பு பிரஷ்ஷால் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பசாரில் எவர்சில்வர் பிரஷ் ஒன்று வாங்கி அதே இடத்தில் வைத்தேன். "பழசு எங்க?" "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்." அதையும் நம்பினீர்கள். எலி பிரஷ்ஷை எதற்கு இழுக்கும் என்றுகூட யோசிக்காத மனுஷனுக்கு நான் என்ன செய்ய?

ஒன்று சொல்ல வேண்டும். வேலை அழகாக வந்தது. நான் போடுகிற சங்கிலித் தையல்போல, ஒரே அளவில், ஒன்றின்மேல் ஒன்று படிந்து போகும். வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டினீர்கள். லெட்சுமி அக்காவையே வேலிக்கு மேலே எட்டிப் பார்க்க வைத்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இட்லி ஊற்றலாம் என்று தட்டை எடுத்தேன். மாவு ஊற்றுகிற குழிகளில் ஒரு ஓட்டைகூட இல்லை. அத்தனையையும் அடைத்து வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிளகு அளவு பொட்டு.

"எவ்வளவு சுத்தமா அடைச்சிருக்கேன் பாரு. ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகாது."

"இட்லித் தட்டுல ஓட்டை எதுக்கு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? ஆவி எப்படிங்க வரும்?"

கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தீர்கள். "அப்ப தோசை சுடு," என்றீர்கள்.

நீங்கள் பெயர் கொடுத்திருந்த லுமுட் படகுப் பட்டறையிலிருந்து கடிதம் வந்தது அதற்கடுத்த வாரம். வழக்கம்போலக் கண்ணாடி எடுத்துவராத கதையைச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள். தேர்வு நாள், நேரம், கொண்டுவர வேண்டிய கையுறை, முகமூடி. எல்லாம் சத்தமாகச் சொன்னேன். கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. தேர்வுக்கு வருகிறவர் இயந்திரத்தைத் தானே தயார் செய்துகொள்ள வேண்டும், யாரும் உதவ மாட்டார்கள் என்று போட்டிருந்தது.

அப்போதுதான் நான் செய்து வைத்த காரியம் எனக்கே உறைத்தது. உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து, உங்களை வெறுங்கையோடு அனுப்பப் பார்த்திருக்கிறேன். அங்கே போய் அந்தத் திருகியை யார் திருப்புவார்கள்? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். ஏசி, சின்ன விசை, விசிறி, நூல், பிரஷ், எலி, எல்லாவற்றையும்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா," என்று திருப்பிச் சொன்னீர்கள். "ஊர்ல உள்ளவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேனே. அப்பவும் நீ பக்கத்துலதானே நின்ன?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

தட்டில் பாதிச் சோறு இருக்க, கையைக் கழுவினீர்கள். இயந்திரத்தின் முன்னால் போய் நின்றீர்கள். அந்தத் திருகியைத் தொட்டீர்கள், திருப்பவில்லை. நான் பக்கத்தில் வந்து, "இதைத்தாங்க..." என்று ஆரம்பித்தேன். "போ," என்றீர்கள். இரண்டே நிமிடம் கேட்டிருந்தால் போதும். அங்கே இருக்கும் இயந்திரம் வேறு மாதிரி இருக்கும், எந்த எழுத்தைத் தேட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. காலையில், "பசியாறிட்டுப் போங்க," என்றேன். கட்டிக் கொடுத்த பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, லுமுட் பக்கம் போகிற சித்தியவான் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

சாயந்திரம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினீர்கள்.

"என்ன ஆச்சு?"

"ஆகல."

அதோடு இரண்டு நாள் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை நீங்கள். மூன்றாம் நாள் நான் தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கையேட்டை என் மடியில், தைத்துக்கொண்டிருந்த துணிக்கு மேலேயே வைத்தீர்கள்.

"படி."

நான் எடுத்தேன். அதற்குள் தேர்வில் நடந்ததை நீங்களே சொன்னீர்கள், துணியைப் பார்த்துக்கொண்டு. அங்கே இருந்தது வேறு மாதிரி இயந்திரமாம். திருகிகள் இடம் மாறி இருந்ததாம். சோதனை செய்ய வந்த மலாய் அதிகாரி, "போலே பாச்சா, கான்?" என்று கேட்டாராம், படிக்கத் தெரியும்தானே என்று. "எல்லாருக்கும் முன்னாடி கேட்டான். தெரியும்னுட்டேன்," என்றீர்கள். அப்புறம் குத்துமதிப்பாக எதையோ திருப்பியிருக்கிறீர்கள். டார்ச் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் ஊசியே உருகி, தகட்டில் சொட்டாக விழுந்துவிட்டதாம். கால் மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம்.

அந்த நாலு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது. உங்களைப்போல ஒரு மாணவர் எந்த வாத்தியாருக்கும் வாய்க்கக் கூடாது. முதலில் பிளாஸ்டரை வெட்டித் தமிழில் எழுதித் திருகிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "அங்க போயி பிளாஸ்டரா ஒட்டுவேன்?" என்று பிய்த்துப் போட்டீர்கள். சரி, எழுத்தையே கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். எழுத்தோடு சண்டை போட்டீர்கள். "சி-ங்கிற எழுத்து ஒரு எடத்துல க-ன்னு வருது, ஒரு எடத்துல ச-ன்னு வருது. உங்க இங்கிலீஷ்காரனுக்கே தெரியல, என்கிட்ட கேக்குற." அவன் எப்போது என் இங்கிலீஷ்காரன் ஆனான்? ஒரு நாள் கோபத்தில் தையல் விரல்கவசத்தை உங்கள்மேல் எறிந்தேன். அதைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, அலுமினியமா?" என்றீர்கள்.

இன்னொரு நாள் டார்ச்சை என் கையில் கொடுத்தீர்கள். "எல்லாம் படிச்சிருக்கியே, நீ ஒட்டு பாப்போம்." வீம்புக்கு உட்கார்ந்தேன். முகமூடிக்குள் ஒரே இருட்டு. நெருப்பு வந்ததும் கை தாழ்ந்து, ஊசி போய் உருகிய உலோகத்தில் குத்திக்கொண்டது. ஊசியைத் தீட்டிக் கொடுத்தீர்கள். மறுபடியும் குத்தினேன். ஆறு தடவை. ஏசி, வாயு, பிரஷ் எல்லாம் புத்தகத்தில் போட்ட அளவுக்கு இம்மி பிசகாமல் இருந்தது. தகட்டில் ஒட்டியது எதுவும் இல்லை, கறுப்புக் கட்டிகள்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து மேசைமேல் ஊன்ற வைத்து, "தூக்கிப் பிடிக்காத. சாய்ச்சு வச்சுக்க. அது உருகுறவரைக்கும் காத்திரு, அவசரப்படாத," என்றீர்கள். ஏழாவது தடவை இரண்டு தகடும் ஒரு கடுகளவு ஒட்டிக்கொண்டன. கை என்று நீங்கள் பீற்றிக்கொண்டது முழுப் பொய் இல்லை என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன், மனதுக்குள். வாயால் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் முறை போய்விட்டு வந்து, "கெடச்சிடுச்சு. கோப்பி போடு," என்றீர்கள். அவ்வளவுதான். என்ன கேட்டார்கள், என்ன செய்தீர்கள், எந்தத் திருகியைத் திருப்பினீர்கள், ஒரு வார்த்தை கிடையாது. நாலு மாதம் உங்களோடு மல்லுக்கட்டியவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டு நின்றேன். அடுத்த வாரமே லுமுட்டில் அறை எடுத்துத் தங்கினீர்கள். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். ஓய்வு பெறுகிறவரைக்கும் அப்படித்தான். எத்தனை படகு உங்கள் தையலோடு கடலில் போனதோ, அதையும் நீங்கள் சொல்லவில்லை.

சொன்னது ரஹ்மான். இரண்டாம் முறை உங்களோடு அதே நாளில் தேர்வுக்கு வந்தவர், அதற்குப் பிறகு கடைசி வரை உங்களோடு வேலை செய்தவர். உங்கள் அடக்கத்துக்கு மறுநாள் சித்தியவானிலிருந்து மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். இரண்டாம் முறையும் அதே அதிகாரிதானாம். அதே கேள்விதானாம், படிக்கத் தெரியுமா என்று. பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்களாம். நீங்கள் இயந்திரத்தின் முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாய்விட்டுப் படித்துவிட்டு, நிமிர்ந்து சொன்னீர்களாம்: "சிக்கிட்-சிக்கிட், எஞ்சே. பினி சாயா ஆஜார். டியா லாகி பாண்டாய்."

கொஞ்சம் கொஞ்சம் வரும் ஐயா. என் பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

பன்னிரண்டு பேருக்கு முன்னால் சொன்னதை எனக்கு ஒருத்திக்குச் சொல்ல உங்களுக்கு என்ன கேடு? அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் உங்களோடு முறைத்துக்கொண்டு திரிந்தேன். ரஹ்மான் சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நேராக அறைக்குப் போய், உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "நல்ல மனுஷன்தான் நீங்க," என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குத் தேநீர் போட வந்துவிட்டேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கண்ணில் படுகிற எழுத்தை எல்லாம் சத்தமாகப் படிப்பேன். பஸ் பலகை, ஆஸ்பத்திரி அறிவிப்பு, மருந்துப் புட்டி, கடிதம். உங்களுக்குப் படிப்பதுபோல இல்லாமல், எனக்கு நானே முணுமுணுப்பதுபோல. இத்தனாம் எண் பஸ், இந்த வழியாகப் போகும் என்பேன். "ம்," என்பீர்கள். பிற்காலத்தில் உங்களுக்கே ஓரளவு படிக்க வந்துவிட்டது. ஆனாலும் எந்தப் பலகைக்கு முன்னால் போனாலும் நடையைக் குறைத்துக்கொண்டு நிற்பீர்கள், நான் வாய் திறக்கிறவரைக்கும். "உங்களுக்குத்தான் வருமே, படிங்க," என்று எரிந்து விழுந்தால், "நீ படி," என்பீர்கள். அவ்வளவுதான் பதில்.

போன வாரம் கிளினிக்கில் மருந்து வாங்கினேன். ரத்தக் கொதிப்புக்குப் புது மாத்திரை. நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்லவும். பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோடு பேசுகிறேன் என்று தேடினாள். மகள் என் கையைத் தொட்டு, "அம்மா, மெதுவா," என்றாள்.

நான் குரலைக் குறைக்கவில்லை. வெயில் படாத இடத்தில் வைக்கவும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும் என்று கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டுத்தான் தாளை மடித்தேன்.